புரான் நின்ற கட்டடம் ஏன் விழுந்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: “பைக்கனூர் ஏவுதளத்தில் 2002-ல் ஒரு பெரிய கட்டடம் இடிந்து, புரான் விண்வெளி ஓடம் நொறுங்கிப் போனதாகப் படித்தேன். ஒரு இடத்தில் புயல் என்று போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் பராமரிப்பு இல்லை என்று இருக்கிறது. உண்மையில் என்ன நடந்தது? அங்கே மிச்சமிருக்கும் பழைய கட்டடங்களுக்கும் இதே கதிதானா?”

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2002 மே 12, ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கூரை விழுந்தபோது அதன்மேல் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கூரையைப் பழுதுபார்க்க ஏறியவர்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். இணையத்தில் இந்த விபத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நொறுங்கிய புரானுக்காக வருந்திவிட்டு, “எட்டுத் தொழிலாளர்களும் பலி” என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள். கட்டடம் ஏன் விழுந்தது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்கள் ஏன் மேலே இருந்தார்கள், எதையெல்லாம் மேலே ஏற்றியிருந்தார்கள் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

நான் பழைய தொழிற்சாலைக் கூரைகளைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் பொறியாளன். பைக்கனூருக்குப் போனதில்லை. ஆனால் அகலமான, பழைய, தார்ஷீட் போட்ட கூரைகள் எப்படி நடந்துகொள்ளும் என்பது பழக்கமான விஷயம்.

விழுந்தது 112-ஆம் தளத்தில் உள்ள பொருத்திச் சோதிக்கும் கூடம். 1960-களில் சோவியத் ஒன்றியம் நிலவுக்கு மனிதரை அனுப்ப என்1 ராக்கெட்டை உருவாக்கியபோது கட்டியது. அந்த ராக்கெட்டின் முதல் அடுக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 17 மீட்டர் குறுக்களவு கொண்டது. அப்படிப்பட்ட ஒன்றைக் கூபிஷெவ் நகரத் தொழிற்சாலையில் (இன்றைய சமாரா) செய்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. அதனால் பாகங்களாகக் கொண்டுவந்து ஏவுதளத்திலேயே பற்றவைத்து இணைக்க முடிவு செய்தார்கள். ஏறக்குறைய ஒரு தொழிற்சாலையையே கசகஸ்தான் புல்வெளியில் எழுப்பினார்கள் என்று சொல்லலாம். நீளம் சுமார் 240 மீட்டர், அகலம் 190 மீட்டர் அளவில். ஒரு பக்கம் உயரம் குறைந்த கூடங்கள், மறுபக்கம் அறுபது மீட்டருக்கும் மேலே எழும்பும் உயரக் கூடங்கள். உள்ளே பாரந்தூக்கிகள் ஓட வேண்டும், ராக்கெட்டைத் திருப்ப வேண்டும் என்பதால் நடுவில் தூண் வைக்க வழியில்லை. ஒரு வரிசைத் தூணிலிருந்து அடுத்த வரிசைத் தூண்வரை கூரையின் முழுப் பளுவையும் எஃகு டிரஸ்கள்தான் (கம்பிகளை முக்கோணங்களாகப் பிணைத்த கூரைச் சட்டங்கள்) தாங்க வேண்டும்.

என்1 நான்கு முறை ஏவப்பட்டது, 1969-ல் இரண்டு முறை, 1971-ல் ஒன்று, 1972-ல் ஒன்று. நான்குமே தோல்வி. திட்டத்தைக் கைவிட்டார்கள். கட்டடத்தைக் கைவிட மனமில்லை, மாற்றியமைத்து எனர்ஜியா ராக்கெட்டுக்குக் கொடுத்தார்கள். 1987 மே மாதம் எனர்ஜியா முதன்முறையாகப் பறந்தது. 1988 நவம்பர் 15-ல் இரண்டாவதும் கடைசியுமான பயணம். அன்று அது சுமந்து சென்றதுதான் புரான். ஆளில்லாமல் புறப்பட்டு, பூமியை இரண்டு முறை சுற்றி, சுமார் மூன்றரை மணி நேரத்தில் பைக்கனூர் ஓடுபாதையிலேயே தானாக வந்து இறங்கியது. விமானி இல்லாமல், குறுக்குக் காற்றில், ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இறங்கிய அந்தச் சாதனையை இன்றைக்கும் வியந்து பேசலாம். அதன் பிறகு புரான் விண்ணுக்குப் போகவே இல்லை. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1993-ல் திட்டம் நின்றது.

இங்கிருந்துதான் கட்டடத்தின் கதை மாறுகிறது. பைக்கனூர் திடீரென்று இன்னொரு நாட்டின் நிலமாகிவிட்டது. இடம் கசகஸ்தானுடையது, பயன்படுத்துவது ரஷ்யா. 1994-ல் ஆண்டுக்கு 115 மில்லியன் டாலர் வாடகைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் யாருக்கு எது சொந்தம் என்பதே தெளிவில்லாத காலம். ஏவுதளத்தை ஒட்டிய லெனின்ஸ்க் நகரத்தில் தண்ணீர், மின்சாரம், சம்பளம் எல்லாவற்றிலும் தட்டுப்பாடு. 1992 தொடக்கத்தில் கட்டுமானப் படையின் இளம் வீரர்கள் கலவரத்திலேயே இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போயின. இந்த நிலைமையில் இருந்த காசு எங்கே போகும்? ராக்கெட் போகிற தளங்களுக்குப் போகும். இனி எந்த நிலவு ராக்கெட்டும் வரப்போவதில்லை என்று தெரிந்த ஒரு உயரக் கூடத்தின் கூரைக்கு யார் செலவழிப்பார்கள்? இடித்துத் தள்ளவும் பணம் வேண்டும். ஆக, யாரும் பயன்படுத்தாமல், யாரும் அகற்றாமல் அது அப்படியே நின்றது. உள்ளே எனர்ஜியாவின் மாதிரி வடிவத்தின்மேல் புரான் பொருத்தப்பட்டுக் கிடந்தது. வருகிற விருந்தினர்களுக்கு அதைக் காட்டுவார்கள்.

பயன்பாடு நின்ற கட்டடத்துக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும், கோடையில் வெயிலே 40-ஐத் தாண்டும். 100 மீட்டர் நீள எஃகு 80 டிகிரி வேறுபாட்டில் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீண்டு சுருங்கும். ஒவ்வொரு ஆண்டும், முப்பது ஆண்டுகளுக்கு மேல். எஃகு அதைத் தாங்கிக்கொள்ளும். அதன்மேல் ஒட்டியிருக்கிற தார் தாங்காது. சோவியத் தொழிற்கூடங்களின் கூரை வழக்கமாகப் பல அடுக்கு. கீழே தளம், அதன்மேல் குளிர் தடுக்கும் அடுக்கு (சுட்ட களிமண் உருண்டைகளோ, நுரைக் கான்கிரீட்டோ), அதன்மேல் சிமெண்ட் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே சூடான தாரில் ஒட்டிய தார்ஷீட் சில அடுக்குகள். மேலே இருக்கும் தார்ஷீட் வெடித்ததும் மழையும் பனி உருகிய நீரும் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் வெளியே வராது, குளிர் தடுக்கும் அடுக்கில் போய்த் தங்கிவிடும்.

இப்படிப்பட்ட கூரைமேல் நடந்தவர்களுக்குத் தெரியும், மேலே பார்த்தால் காய்ந்து வெள்ளையாக இருக்கும். காலால் அழுத்தினால் மெத்தென்று இறங்கும், கீறலின் ஓரத்தில் கறுப்பு நீர் கசியும். கத்தியால் உள்ளங்கை அளவு சதுரமாக வெட்டி எடுத்தால், கீழே இருக்கும் அடுக்கைக் கையால் பிழியலாம், அவ்வளவு ஈரம். மழை பெய்து வாரக்கணக்கில் ஆன பிறகும் அப்படித்தான் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு டிரஸ்ஸில் இரண்டு மூன்று துருக்கறை தெரியும், அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நீர் தங்கினால் 10 கிலோ. நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் கூரையென்றால் 100 டன். அதே அடுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நீரை உறிஞ்சியிருந்தால் 500 டன். வடிவமைத்தவர் பனிக்கு என்று ஒரு பளுவை ஒதுக்கியிருப்பார், பாதுகாப்புக்கென்று கொஞ்சம் கூடுதல் வலுவும் வைத்திருப்பார். நீர் சத்தமில்லாமல் அந்தக் கூடுதலைத் தின்றுகொண்டே வரும். அதற்குள் துருவும் இணைப்புகளில் தன் பங்கை எடுத்திருக்கும். ஒருநாள் கட்டடம் நின்றுகொண்டுதான் இருக்கும், ஆனால் அதற்குமேல் தாங்கிக்கொள்ள அதனிடம் எதுவும் மிச்சம் இருக்காது.

அந்த நிலையில் ஒழுகுகிறது என்று பழுதுபார்க்க ஏற்பாடு செய்கிறார்கள். நல்ல எண்ணம்தான். மே மாதம் அங்கே அதற்கு ஏற்ற காலமும்கூட, பனி போய்விட்டது, கடும் வெயில் இன்னும் வரவில்லை. தார்ஷீட் சுருள்கள், தார், மற்ற சாமான்கள் எல்லாம் மேலே போகின்றன. ஒரு சுருளே ஒரு ஆள் தோளில் சுமக்கிற எடை. அத்தனை உயரத்துக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் போக முடியாது, மொத்தமாக ஏற்றித்தான் வைப்பார்கள். ஏற்றிய இடத்திலேயே அடுக்கி வைப்பது எங்கேயும் நடக்கிற வேலை. மொட்டைமாடியில் தட்டோடு பதிக்க மணலையும் ஓட்டையும் நடுத்தளத்தில் குவிக்கிற கொத்தனாரை வீட்டுப் பெரியவர்கள் சத்தம் போட்டு, “சுவர் ஓரமாப் பரப்பி வைப்பா” என்பார்கள் இல்லையா, அதே விஷயம். பரவலாக இருந்தால் பல டிரஸ்கள் பங்கிட்டுக்கொள்ளும் பளு, குவித்து வைத்தால் ஒன்றிரண்டின் தலையில் விழுகிறது. பைக்கனூர் விபத்தை ஆராய்ந்தவர்கள் காரணங்களில் முக்கியமாகச் சுட்டியது கூரைமேல் ஏற்றியிருந்த இந்தச் சாமான்களின் எடையைத்தான்.

பத்து டன், இருபது டன் சாமானால் அவ்வளவு பெரிய கட்டடம் விழுமா என்று கேட்பீர்கள். நல்ல நிலையில் இருந்த கூரை என்றால் விழாது. குளிர்காலப் பனிக்கு முன்னால் அந்த எடை ஒன்றுமே இல்லை. ஆனால் டிரஸ்ஸில் இழுவிசையைத் தாங்கும் கம்பிகளும் உண்டு, அமுக்கத்தைத் தாங்கும் கம்பிகளும் உண்டு. இழுபடுவது மெல்ல நீளும், எச்சரிக்கை கொடுக்கும். அமுக்கப்படுவது அப்படியில்லை. எல்லை வரை நேராக நிற்கும், எல்லையைத் தாண்டிய கணத்தில் பக்கவாட்டில் வளைந்து மடங்கிவிடும். ஒரு டிரஸ் மடங்கினால் அதன் பங்கு பக்கத்து டிரஸ்ஸுக்குப் போகும். அதுவும் ஏற்கனவே எல்லையில் நிற்பதால் அதுவும் மடங்கும். விழுகிற கூரை தூண்களின் தலையையும் இழுத்துக்கொண்டு போகும், அடுத்த கூடத்தின் கூரையும் அதே தூண்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. அன்று உயரக் கூடங்களின் கூரை ஒரு மூலையோடு நிற்காமல் அடுத்தடுத்து முழுவதுமாக வந்ததற்கு இதுதான் விளக்கம். மேலே இருந்தவர்களுக்கு ஓட இடமும் இல்லை, நேரமும் இல்லை.

மீட்புப் பணி அதைவிடக் கொடுமை. கூரை போன பிறகு உயரமான சுவர்களுக்குப் பக்கத் துணை இல்லை. மேலே பாதி அறுந்த எஃகும் சிமெண்ட் பலகைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே போகிற மீட்பாளர்கள் மேலேயே எந்த நேரமும் விழலாம். ரஷ்யாவிலிருந்தும் கசகஸ்தானிலிருந்தும் மீட்புப் படைகள் வந்தும், உடல்களைத் தேடும் வேலை அன்றோடு முடியவில்லை. இடிபாடுகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த எனர்ஜியாவும் புரானும் பிறகு பழைய இரும்பாகத்தான் வெளியே போயின.

சரி, புயல் கதைக்கு வருகிறேன். பலத்த காற்றால் இடிந்தது என்று சில கட்டுரைகளில் இருக்கிறது, அதையே ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தரையிலிருந்து அறுபது மீட்டருக்கு மேலே, தார்ஷீட் விரிக்கிற வேலைக்கு, புயல் அடிக்கிற நாளில் யாரும் ஆள் ஏற்ற மாட்டார்கள். சாதாரணக் காற்றிலேயே அந்த வேலை நடக்காது, ஷீட் பறந்துவிடும். புயல் என்று சொன்னால் இயற்கையின் தலையில் போட்டுவிடலாம். “பராமரிப்பு இல்லை” என்பதும் முழு உண்மையில்லை. பத்து ஆண்டு பராமரிக்காமல் விட்டது கட்டடத்தை விளிம்புக்குக் கொண்டுவந்தது. விளிம்பைத் தாண்ட வைத்தது, அது எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்க்காமல் தொடங்கிய பராமரிப்பு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெடுநாள் கவனிக்காமல் விட்ட கூரைக்கு மிக ஆபத்தான காலம் அதைச் சரிசெய்யத் தொடங்குகிற அந்தச் சில நாட்கள்தான். அதுவரை அதன்மேல் யாரும் ஏறவில்லை. இப்போது ஆள், சாமான், தார் காய்ச்சும் கொப்பரை, அதிர்வு எல்லாம் ஒன்றாக ஏறுகின்றன. ஒப்பந்தக்காரரிடம் கொடுத்த வேலை “ஒழுகலை நிறுத்து” என்பது. அடியில் இருக்கும் எஃகைப் பார்ப்பது அவர் வேலையில் சேராது. உள்ளே தங்கியிருக்கும் நீரின் எடையைச் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லி யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எங்கள் தொழிலில் பழைய கூரைக்கு வழிமுறை இருக்கிறது. முதலில் கீழேயிருந்து டிரஸ் இணைப்புகளைப் பார்ப்பது, தொய்வை அளப்பது, சில இடங்களில் கூரையைத் துளைத்து அடுக்குகளை எடுத்து எடை போடுவது, பிறகு பழைய ஈர அடுக்கைச் சிறிது சிறிதாக அகற்றி எடையைக் குறைப்பது, அதற்கப்புறம்தான் புதிய சாமானை, அன்றைக்குத் தேவையான அளவு மட்டும், தூண்களுக்கு மேலாக வைப்பது. இதில் எதுவும் விலை உயர்ந்த தொழில்நுட்பம் இல்லை. நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டடம் இருக்கிறது. அமெரிக்காவில் கென்னடி விண்வெளி மையத்தில் ராக்கெட்டுகளைச் செங்குத்தாகப் பொருத்தும் கூடம். அதுவும் 1960-களில், அதே நிலவுப் போட்டிக்காகக் கட்டியது, 160 மீட்டர் உயரம். 2004-ல் சூறாவளி வந்து அதன் வெளிச்சுவர்த் தகடுகளில் எண்ணூறுக்கும் மேல் பிய்த்துக்கொண்டு போனது. நிஜமான புயல் அது, கட்டடம் நின்றது, தகடுகளைத் திரும்பப் பொருத்தினார்கள். அங்கே திறமைசாலிகள் இருந்தார்கள், பைக்கனூரில் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் கூடத்தைக் கட்டியதிலிருந்து தொடர்ந்து ஏதோ ஒரு திட்டம் அதைப் பயன்படுத்தி வந்தது, ஒவ்வொரு ஆண்டும் அதன் பெயரில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பில் இருந்தார். 112-ஆம் தளத்து உயரக் கூடத்துக்கு அந்த மூன்றும் ஒரே நேரத்தில் இல்லாமல் போயின.

இனி, மிச்சமிருக்கும் கட்டடங்கள். 112-ஆம் தளத்துக் கட்டடத்தின் உயரம் குறைந்த பகுதி தப்பித்தது. அதைச் சீர்செய்து, பின்னாட்களில் சோயூஸ் ராக்கெட்டுகளைப் பொருத்தப் பயன்படுத்தினார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் ராக்கெட் விடியற்காலையில் ரயிலில் வெளியே வருகிற காட்சியைப் பார்த்திருப்பீர்கள், ககாரின் புறப்பட்ட தளத்திலிருந்து ஏவிய காலத்தில், அதாவது 2019 வரை, அந்தப் பயணம் தொடங்கிய இடம் இதே கட்டடம்தான். வேலை நடந்துவந்த பகுதி என்பதால் அதற்கு நான் அதிகம் பயப்படமாட்டேன். உயரப் பகுதியில் கூரையில்லாத கூடு நெடுநாள் அப்படியே நின்றது.

அருகிலேயே எரிபொருள் நிரப்பும் கூடம் என்று இன்னொரு பெரிய கட்டடம். பறக்காமலே போன இரண்டாவது ஓடமும், மாதிரி வடிவமாகச் செய்த ஓர் ஓடமும் அதில்தான் தூசி படிந்து கிடக்கின்றன. (புரான் அழியவில்லையே, ஜெர்மனியில் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ஷ்பையர் அருங்காட்சியகத்தில் இருப்பது வளிமண்டலத்தில் பறந்து பார்த்த சோதனை விமானம். விண்வெளிக்குப் போய்வந்த ஒன்றே ஒன்று 2002-ல் நசுங்கிவிட்டது.) ஆபத்தான எரிபொருளைக் கையாளக் கட்டியது என்பதால் அந்தக் கூடத்தின் எலும்புக்கூடு மற்றவற்றைவிட உறுதியானது. ஆனால் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தவர்கள் எடுத்த படங்களில் உடைந்த கண்ணாடிகளும், ஓடங்களின்மேல் பறவை எச்சமும் தெரிகின்றன. கண்ணாடி உடைந்த கட்டடத்தில் தார்ஷீட் மட்டும் நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அந்த ஓடங்களைக் காப்பாற்ற வேண்டுமென்று குரல் கொடுப்பவர்கள் நிறைய. எனக்கும் அந்த ஆசை உண்டு. செய்வதானால் ஓடங்களை வெளியே எடுப்பதில் தொடங்க வேண்டும். கூரையைத் தைக்க ஆள் ஏற்றுவதில் தொடங்கக் கூடாது.

பயன்பாட்டில் இருக்கும் தளங்களும் வயதானவைதான். ககாரின் புறப்பட்ட தளத்திலிருந்து கடைசி ராக்கெட் 2019 செப்டம்பரில் போனது. புதுப்பிக்கப் பணம் கிடைக்காமல் அதை அருங்காட்சியகமாக்கும் பேச்சுக்கு வந்துவிட்டார்கள். மனிதரை அனுப்ப மிஞ்சிய 31-ஆம் தளத்தில், 2025 நவம்பர் 27 அன்று சோயூஸ் கிளம்பியதும், ராக்கெட்டுக்கு அடியில் ஆட்கள் நின்று வேலை செய்யும் நகரும் மேடை நெருப்பு வெளியேறும் பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. விண்வெளி வீரர்கள் மூவரும் நலமாக நிலையத்தை அடைந்தார்கள், தரையிலும் யாருக்கும் காயமில்லை. ஏவும் நேரத்தில் அந்த மேடையில் ஆள் இருக்கமாட்டார்கள் என்பதால் அன்று யாரும் சாகவில்லை. ஏவுவதற்குச் சில மணி நேரம் முன்புவரை அதில் ஏறி நின்று வேலை பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். வாடகை ஒப்பந்தம் 2050 வரை இருக்கிறது. எல்லாக் கட்டடத்துக்கும் 2002-ன் கதிதான் என்று நான் சொல்லமாட்டேன். தினமும் ஆள் நடமாடுகிறவற்றுக்கு அந்த ஆபத்து குறைவு. பூட்டிக் கிடப்பவற்றில், “கொஞ்சம் ஒழுகுகிறது, நாலு ஆளை மேலே அனுப்பு” என்று யாராவது சொல்கிற நாளில் ஆபத்து அதிகம்.